முற்றத்தை மூடிய கதை

சித்திரை பிறக்கும் நாளை ஒட்டி, பகல் 12 மணி 20 நிமிட அளவில் தென்காசியில் சூரியன் நேர் உச்சியில் வந்து நிற்கும். நிற்பவரின் நிழல் அவர் காலடியிலேயே அடங்கிவிடும். ஆவணி நடுவில் இன்னொரு தடவை இதே கூத்து. ஏறக்குறைய 9 பாகை வட அட்சரேகையில் இருக்கிற ஊருக்கு இது வானியல். பழைய ஓட்டு வீட்டுக்கு இதுதான் வெளிச்சக் கணக்கு. கூரைச் சாய்ப்பின் விளிம்பு எட்டடி உயரத்தில் நிற்கிறது, நடுவே ஆறடி அகலத்தில் முற்றம் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சித்திரை முதல் நாளின் உச்சி வெயில் அந்த ஆறடிக்குள்ளேயே விழுந்து நின்றுவிடும். சுற்றியுள்ள தாழ்வாரத்தில் ஒரு விரற்கடைகூட ஏறாது. ஆனியில் சூரியன் வடக்கே நகர்வதால், தென்புறத் தாழ்வாரத்துக்குள் வெயில் இரண்டடி நுழையும். மார்கழியில் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிட, வடபுறத் தாழ்வாரத்துக்குள் ஐந்தடி வரை வந்து உட்காரும். கொளுத்துகிற மாதத்தில் வெயில் முற்றத்தோடு நின்றுவிடுகிறது. குளிர்கிற மாதத்தில் கூப்பிடாமலே உள்ளே வருகிறது.

இன்று தென்காசி, மேலகரம், இலஞ்சிப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டுகிறவர்கள் இன்ஜினீயரிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மாடி வேண்டாம், ஒரே தளம் போதும். வேலைப்பாடு அதிகம் வேண்டாம், சாமான் குறைவாக, பளிச்சென்று இருக்கட்டும். பகலில் விளக்குப் போடக் கூடாது. அதே சமயம் தெருவில் போகிறவர்களுக்கு வீட்டுக்குள் இருப்பது தெரியவும் கூடாது. இதில் கடைசி இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். பெரிய சன்னல் வைத்தால் வெளிச்சம் வரும், கூடவே பக்கத்து வீட்டுப் பார்வையும் வரும். திரை போட்டால் இரண்டும் போய்விடும். இந்த வட்டாரத்துப் பழைய வீடுகள் இந்த வழக்கைத் தங்கள் அளவில் தீர்த்துவைத்திருந்தன. அந்தத் தீர்ப்பு எப்படி வந்தது, பிறகு எப்படிக் கைவிடப்பட்டது என்பது தனிக்கதை.

முதலில் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரியங்காவுக் கணவாய் ஓர் இடைவெளி. கேரளத்தில் கொட்டித் தீர்க்கிற தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாக இந்தப் பக்கம் வழிந்து வரும்போதுதான் குற்றாலத்துக்குச் சீசன். ஆனி, ஆடி, ஆவணியில் மேல்காற்றும் சாரலும் சேர்ந்தே அடிக்கும். இதே காற்றை நம்பித்தான் இந்தக் கணவாய்க்குக் கிழக்கே இன்று காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. பராக்கிரம பாண்டியன் 1446-இல் கட்டத் தொடங்கிய காசி விஸ்வநாதர் கோயிலின் ராஜகோபுர வாசலில் நுழைகிறவரைப் பாதி தூரம் வரை காற்று எதிர்த்துத் தள்ளும், பிறகு பின்னாலிருந்து உந்தும் என்று ஊரார் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். சிற்பியின் திட்டமோ, கணவாயின் தயவோ, காற்றை மறந்துவிட்டு இந்த ஊரில் சுவர் எழுப்ப முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

இனி தெரு. இந்தப் பக்கத்து அக்கிரகாரங்களில் தெரு பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடும். வீடுகள் வடக்கும் தெற்கும் பார்த்து நிற்கும். ஒரு வீட்டின் மேற்குச் சுவர் அடுத்த வீட்டின் கிழக்குச் சுவர். அதனால் சாயங்கால வெயிலும் மேல்காற்றும் பெரும்பாலான வீடுகளை நேராகத் தொடுவதில்லை. தெருவின் மேற்குக் கோடியில் இருக்கிற வீடு எல்லோருக்குமாகச் சேர்த்து வாங்கிக்கொள்ளும். ஆனால் பக்கச் சுவர் பொதுச் சுவரானால் பக்கத்தில் சன்னல் கிடையாது. வெளிச்சம் வர மூன்றே வழி: தெருவாசல், புறவாசல், நடுவில் முற்றம். ஆயிக்குடியிலோ செங்கோட்டையிலோ மிச்சமிருக்கிற பழைய தெருக்களில் நடந்தால் இந்த ஏற்பாடு கண்ணில் படும். சுந்தரபாண்டியபுரத்து வீடுகளைத் தமிழ்நாடே பார்த்திருக்கிறது. 1992-இல் வந்த ‘ரோஜா’ படத்தின் கிராமம் அதுதான். கேமராவுக்குத் திண்ணையும் தூணும் பிடித்துப்போயின. ஆனால் அந்த வீடுகளின் உண்மையான சூட்சுமம் திண்ணைக்கு உள்ளே, தெருவில் நிற்பவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

உள்ளே போவோம். திண்ணை, பிறகு நடை அல்லது ரேழி, அப்புறம் கூடம். பிள்ளைமார் வீடுகளானால் தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு என்று பெயர்கள் மாறும், வரிசை மாறாது. கூடத்தை ஒட்டி முற்றம், அதற்கு அப்பால் அடுக்களை, அதற்கும் பின்னால் கிணறு, தொழுவம், புறவாசல். அகலம் குறைவு, நீளம் அதிகம். வாசற்படியில் நின்றால் கதவுகள் ஒரே நேர்கோட்டில் அமைந்து, கடைசியில் கொல்லைப்புறத்து வாழைமரம் தெரியும். இவ்வளவு திறந்த வீட்டில் மறைவு எங்கே என்று கேட்கத் தோன்றும். அந்த நேர்கோட்டில் யாரும் உட்காருவதில்லை என்பதுதான் பதில். அது காற்றுக்கும் நடமாட்டத்துக்கும் விட்ட பாதை. உட்கார்வது, படுப்பது, காய்கறி நறுக்குவது, தலைவாரிக்கொள்வது எல்லாம் அந்தக் கோட்டுக்கு இடமோ வலமோ தள்ளி, முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில். வாசலில் நிற்பவருக்கு வீட்டின் நீளம் முழுக்கத் தெரியும், வீட்டில் இருப்பவர்கள் தெரியமாட்டார்கள்.

முன்பக்கம் பல வீடுகளில் சன்னலுக்குப் பதில் அழி இருக்கும், அதாவது மரச்சட்டங்களை நெருக்கமாக நட்டு வைத்த தடுப்பு. இதில் மாயம் ஒன்றுமில்லை, கண்ணின் இயல்புதான். உச்சி வெயிலில் தெருவின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸை எட்டும். அழிக்குப் பின்னால் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். வெயிலில் சுருங்கிய கண்ணுக்கு அழிக்குப் பின்னால் வெறும் இருட்டுத்தான். உள்ளே நிற்கிற கிழவிக்கோ தெருவில் போகிற ஒவ்வொருவர் முகமும், கையில் தொங்குகிற பையும், பைக்குள் இருப்பது கத்தரிக்காயா வெண்டைக்காயா என்பதும் துல்லியமாகத் தெரியும். விளக்கேற்றிய பிறகு கணக்கு தலைகீழாகிவிடும். அதனால்தான் பொழுது சாய்ந்ததும் முன்கட்டு ஆண்கள் பேசும் இடமாகவும் பின்கட்டு பெண்கள் புழங்கும் இடமாகவும் மாறின.

முற்றம் ஏன் இந்த ஊருக்கு இவ்வளவு பொருந்தியது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. சீசன் மாதங்களில் வானம் மூடியே கிடக்கும். 1942-இல் அமெரிக்காவில் பாரி மூன், டொமினா ஸ்பென்சர் என்ற இருவர், முழுக்க மேகம் மூடிய வானத்தில் உச்சிப் பகுதி அடிவானத்தைப் போல மூன்று மடங்கு பிரகாசமாக இருக்கும் என்று காட்டினார்கள். கட்டட வெளிச்சக் கணக்குகளில் இன்றும் இதுதான் அடிப்படை. அப்படியானால் சாரல் நாளில் சுவரில் வைத்த சன்னல் மங்கலான பாதி வானத்தைப் பார்க்கிறது. அதிலும் எதிர்வீட்டுக் கூரை கொஞ்சத்தை மறைத்துவிடும். முற்றமோ பிரகாசமான உச்சியை நேராகப் பார்க்கிறது. ஒரே அளவு திறப்பு என்றால், மேலே பார்க்கும் திறப்புக்குக் கிடைக்கும் வெளிச்சம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஓடு போட்ட தச்சருக்கும் கொத்தனாருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அடைமழையிலும் அரிசியில் கல் பொறுக்க முடிகிறதா என்று வீட்டுப் பெண்கள் பார்த்திருப்பார்கள், அது போதும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பழைய வீட்டை அப்படியே தலையில் தூக்கிவைத்துக்கொள்ளவும் முடியாது. அந்த வீடு காப்பாற்றியது வீட்டின் மறைவை. மனிதர்களின் மறைவை அல்ல. கூட்டுக் குடும்பத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். நல்ல கதவும் பூட்டும் உள்ள ஒரே அறை அரங்கு. அங்கே குடியிருந்தது நெல். மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்குப் பின்கட்டின் ஒரு மூலைதான். வெளியே அதிகம் போக முடியாத விதவைகளுக்கு முற்றத்துக்கு மேலே தெரிந்த ஆறடி வானமே வானம். திண்ணை, நடை, கூடம் என்ற வரிசையும் வெறும் வெளிச்ச ஏற்பாடாக இருந்ததில்லை. யார் எதுவரை வரலாம் என்ற சாதிக் கணக்கும் அதில் சேர்ந்தே இருந்தது. சிலர் திண்ணை வரை, சிலர் தெரு வரை, பலர் தெருவுக்குள்ளேயே வரக் கூடாது. திருவிதாங்கூரின் கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12-இல் வந்தபோது, அந்தச் சமஸ்தானத்தில் இருந்த செங்கோட்டைக்கும் அது செல்லுபடியானது. கோயில் கதவு திறந்தது. நடைக்கதவு திறக்க அதற்குப் பிறகும் வெகுகாலம் ஆனது.

அந்தத் தெருக்காரர்களின் வயல்களில் உழைத்தவர்களின் வீடு வேறு. மண் சுவர், பனங்கை, பனை ஓலை, குனிந்து நுழைகிற ஒரே வாசல். அங்கே வெளிச்சம் வேண்டுமானால் வெளியே வரவேண்டும். அதனால் வேலை எல்லாம் வாசலிலேயே நடந்தது.

முற்றத்துக்குப் புகழ் தேடித் தந்தவர் ஒருவர் உண்டென்றால் ரசிகமணி டி.கே.சி. (1882–1954). திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டில் தொட்டிக்கட்டு முற்றம் வட்டமாக அமைந்திருந்தது. அங்கே கூடிக் கவிதை பேசிய நண்பர் கூட்டத்துக்கே ‘வட்டத்தொட்டி’ என்று பெயர் நிலைத்துவிட்டது. கட்டடத்தின் ஓர் அங்கம் இலக்கிய அமைப்பின் பெயராக மாறியது தமிழில் அபூர்வம். பிற்காலத்தில் அவர் குற்றாலத்துக்கே குடிவந்து, அங்கேயே காலமானார். சீசனுக்கு வந்த ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடிப் போனார்கள்.

குற்றாலம் அதற்கு வெகுகாலம் முன்பே இன்னொரு வகை வீட்டைப் பார்த்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்கார அதிகாரிகள் சீசனுக்காக இங்கே பங்களாக்களில் தங்கினார்கள். திருவிதாங்கூர் மன்னருக்கும் இங்கே ஓர் அரண்மனை இருந்தது. அது இன்றும் கேரள அரசின் சொத்து. பங்களாவின் தத்துவம் அக்கிரகாரத்துக்கு நேர் எதிர். தோட்டத்தின் நடுவே வீடு, நாலாபுறமும் வராந்தா, எல்லாப் பக்கமும் சன்னல். பார்வையைத் தடுப்பது சுவர் அல்ல, தூரம். ஏக்கர் கணக்கில் இடம் இருந்தால் அது நல்ல வழிதான். மூன்று சென்ட் மனையில் அதே படத்தை வைத்துக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இன்றைய புதுநகர்கள் எல்லாம் சாட்சி.

கூரையிலும் மாற்றம் வந்தது. 1865-இல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்துதான் மங்களூர் ஓடு தென்னிந்தியா முழுக்கப் பரவியது. 1904-இல் செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே மலையைக் குடைந்து ரயில் ஓடத் தொடங்கியதும், மேற்குக் கரைச் சரக்கு இந்தப் பக்கம் வருவது எளிதானது. நாட்டு ஓட்டைவிட மங்களூர் ஓட்டுக்கு எடை குறைவு, குரங்கு ஓடினாலும் அவ்வளவாகக் கலையாது. அதோடு அது கொண்டுவந்த சின்ன அதிசயம் கண்ணாடி ஓடு. வரிசையில் ஓர் ஓட்டை எடுத்துவிட்டு அதே அச்சில் வார்த்த கண்ணாடி ஓட்டைச் செருகினால் முடிந்தது. இருண்ட அடுக்களையில் ஒரு முழத்துக்கு வெளிச்சம் விழும். காலையில் மேற்குச் சுவரில் இருக்கும் அந்த வெயில் துண்டு, அம்மி, உரல், அடுப்பு என்று நகர்ந்து சாயங்காலம் கிழக்குச் சுவரில் ஏறும். கடிகாரம் இல்லாத வீடுகளில் உலை வைக்கும் நேரத்தை அதுதான் சொன்னது. அடுப்புப் புகையும் அந்த வெயில் தூணில் சுருண்டு சுருண்டு ஏறுவது தெரியும்.

பிறகு முற்றம் மூடியது. யாரும் ஒரே நாளில் மூடவில்லை.

பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் ஓடத் தொடங்கியது. கம்பி வர வர, பகலிலும் ஒரு பல்பு போட்டுக்கொள்ளலாம் என்றானது. ஆனால் முற்றத்துக்கு மின்சாரத்தைவிடப் பெரிய எதிரி பாகப்பிரிவினை. குறுகி நீண்ட வீட்டை அண்ணன் தம்பி பிரிக்கும்போது தெருவாசல் இரண்டு பேருக்கும் வேண்டும். ஆகவே நீளவாக்கில் நடுவே சுவர் வைத்தார்கள். ஆறடி முற்றம் மூன்றடியானது. மூன்றடிக்குள் வெயில் நேரே விழுவது உச்சிப் பொழுதை ஒட்டிக் கொஞ்ச நேரம்தான். மழை மட்டும் எப்போதும்போல விழும். நான்கு சாய்ப்பும் சந்திக்கிற மூலைகளில் ஓடு உடைந்து ஒழுகும். வாருகால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கூடத்துக்குள் ஏறும். தச்சர் கிடைப்பது அரிதான காலத்தில், சிமென்ட் தளம் போட்டு மூடிவிடுவதுதான் மலிவு என்று குடும்பங்கள் முடிவுக்கு வந்தன. மாடு இல்லை, நெல் காயப்போடுவதில்லை, அப்புறம் முற்றம் எதற்கு என்ற கேள்வியும் நியாயமாகவே இருந்தது.

வாடகைக்கு விட்ட வளவு வீடுகளில் முற்றம் இன்னொரு பிறவி எடுத்தது. நடுவில் கிணறும் வெளியும், சுற்றிலும் ஒற்றைப் பத்தி வீடுகள். வெளிச்சத்துக்குக் குறைவில்லை, மறைவு மட்டும் துளியும் இல்லை. ஒரு வீட்டில் கருவாடு பொரிந்தால் வளவு முழுக்கத் தெரியும், சண்டையும் அப்படித்தான். அந்த வெளியில்தான் மத்தியான நேரங்களில் மடியில் சொளவை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றினார்கள். கடையநல்லூர், ஆலங்குளம் பக்கங்களில் இன்றும் பீடி சுற்றுவது திண்ணையிலும் வாசலிலும்தான். இலை வெட்டவும் நூல் கட்டவும் நல்ல வெளிச்சம் வேண்டும்.

மிச்சமிருந்த முற்றங்களைக் குரங்குகள் கவனித்துக்கொண்டன. குற்றாலத்து மலையடிவாரத்தில் திறந்த வீடு என்றால் குரங்குக்கு அழைப்பிதழ் வைத்த மாதிரி. முதலில் இரும்புக் கிரில் போட்டார்கள். கிரில் வழியாகக் குட்டிகள் இறங்கின, வலை அடித்தார்கள். வலையில் சருகு சேர்ந்து வெளிச்சம் குறைந்தது. பைபர் தகடு போட்டார்கள். நாலைந்து வருஷத்தில் தகடு பழுத்து மஞ்சளாகி, காற்றும் நின்று, கூடம் வெந்தது. இன்றைக்கும் புதுவீட்டில் முற்றம் என்ற பேச்சை எடுத்தால் கொத்தனாரிடமிருந்து வரும் முதல் வார்த்தை, “கொரங்கு எறங்கிரும்லா?”

இதற்கிடையே கடல் கடந்த ஓர் ஊரில் இதே வீடு வேறு உடுப்பில் பிறந்தது. ஜப்பானின் ஒசாகாவில் சுமியோஷி என்ற பகுதியில், 1976-இல் தடாவோ ஆண்டோ என்ற கட்டடக் கலைஞர் வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு கான்கிரீட் வீடு கட்டினார். ஏறத்தாழ 11 அடி அகலம், 46 அடி நீளம். தெருப்பக்கம் வாசல் மட்டும்; சன்னல் கிடையாது. நீளத்தை மூன்றாகப் பிரித்து, நடுப்பங்கை வானத்துக்குத் திறந்துவிட்டார். வெளிச்சமும் காற்றும் அந்த ஒரே இடத்திலிருந்துதான். மழை நாளில் முன்கட்டிலிருந்து பின்கட்டுக் குளியலறைக்குக் குடை பிடித்துக்கொண்டு போகவேண்டும் என்பது கட்டடக்கலை வட்டாரத்தில் பிரபலமான குறை. ஆயிக்குடிப் பாட்டி கேட்டிருந்தால், இதில் என்ன குறை என்றிருப்பாள். குறைந்த பொருளில் கட்டிய நவீன வீட்டுக்கு அந்த வீடு உலகப் பாடமாகிவிட, ஆண்டோவுக்கு 1995-இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசும் கிடைத்தது. அதன் படங்களைக் கைப்பேசியில் காட்டி, இதைப் போல வேண்டும் என்று கேட்கிற இளைஞர்களின் தாத்தா வீட்டு முற்றம் இன்றைக்குத் தகடு மூடிக் கிடக்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில், 1970 வாக்கில் குடியேறிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கி, பழைய அழியின் வேலையைச் சுவரையே செய்யவைத்தார். அங்கே உள்ளூர் என்ற பகுதியில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தில் அந்தச் சல்லடைச் சுவர்களை இன்றும் பார்க்கலாம். வெளிச்சம் பொடிப்பொடியாக உள்ளே வரும். கண் உள்ளே வராது. சன்னல் சட்டம், கதவு, கண்ணாடி, கம்பி என்ற நான்கு செலவும் மிச்சம். சூளைச் செங்கல் கிடைக்கிற தென்காசியில் இது அதிகம் பரவவில்லை. பூசாத சுவர் என்றால் காசில்லாமல் பாதியில் நிறுத்தியது என்று ஊர் பேசுமே என்ற பயம் பெரிய பயம்.

இப்போது சில புது வீடுகளில் முற்றம் திரும்பி வருகிறது, ஐந்துக்கு ஐந்தோ ஆறுக்கு ஆறோ. மேலே கெட்டிக் கண்ணாடி, கீழே கூழாங்கல், நடுவில் ஒரு செடி. பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் கண்ணாடியை நாலாபுறமும் அடைத்துவிட்டால் பங்குனி, சித்திரையில் வெப்பம் வெளியேற வழியில்லாமல் அந்த இடமே அடுப்பாகிவிடும். தெரிந்த இன்ஜினீயர்கள் கண்ணாடியைத் தளத்திலிருந்து ஓரடி தூக்கி, இடைவெளியில் குரங்குக்கு வலையும் காற்றுக்கு வழியும் விடுகிறார்கள். அந்த இடைவெளியைக் கிழக்கே வைத்தால் சீசனில் சாரல் உள்ளே அடிக்காது. ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் நனையும், அவ்வளவுதான். மேற்கே வைத்தவர்கள் அடுத்த ஆனியில் தார்ப்பாய் வாங்கத் தென்காசிக் கடைவீதிக்குப் போகவேண்டியிருக்கும்.